மருந்தைக் கட்டிப்போடும் தண்ணீர்

கோரைக்கும் அருகுக்கும் அடிக்கும் பத்து லிட்டர் டேங்கில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி நூறு மில்லி போகிறது. மீதி ஒன்பது லிட்டர் தொள்ளாயிரம் மில்லி தண்ணீர். நூற்றில் ஒரு பங்கு மருந்து, தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். மருந்து வாங்கும்போது கம்பெனி, விலை, தயாரித்த தேதி எல்லாம் விசாரிக்கப்படுகின்றன. தண்ணீரைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் அருகில் எது கிடைக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. களை சாகாமல் மஞ்சளடித்து மறுபடி துளிர்த்தால் மருந்து டூப்ளிகேட் என்ற பேச்சு எழும். அடுத்த முறை அளவு கூடும். கலப்பட மருந்தும் உண்டு, மருந்துக்கு மசியாத களையும் உண்டு. ஆனால் அந்த இரண்டையும் சொல்லுமுன் பார்க்க வேண்டியது டேங்கில் ஊற்றிய தண்ணீரை. அந்தத் தண்ணீரும் எல்லா மருந்தையும் ஒரே விதமாகக் கெடுப்பதில்லை. எந்தத் தண்ணீர் எந்த மருந்தோடு மோதும் என்பது இரண்டிலும் கரைந்துள்ள பொருள்களின் மின்னேற்றத்தைப் பொறுத்தது.

மழைநீர் தரையில் விழும்போது ஏறத்தாழ வெறும் தண்ணீர். பாறை இடுக்குகளிலும் மண்ணிலும் தங்கித் தங்கி இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், சில இடங்களில் இரும்பு என்று ஒவ்வொன்றாக அதில் சேர்கின்றன. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து தருவதே கடினத்தன்மை. அதைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பது வழக்கம். 60 வரை மென்னீர், 180ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பரவலாகப் புழங்கும் பகுப்பு. இந்தியக் குடிநீர்த் தரக் குறியீடு 200ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கத்துக் கடும்பாறை நிலத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் 500ஐத் தாண்டிய கடினத்தன்மை அரிதல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கியவை. அங்கும் அதே கதை. இதற்கு நேர்மாறாக வால்பாறை, நீலகிரி ஓடைத் தண்ணீர் மென்மையானது. மலைத் தேயிலைத் தோட்டத்தில் குறையில்லாமல் வேலை செய்த மருந்து கீழே சமவெளியில் சொதப்பினால் வித்தியாசம் பாட்டிலில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடின நீரில் பருப்பு வேகாது என்பது அடுப்படியில் எல்லோரும் அறிந்த சேதி. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் பிடித்து இறுக்கிவிடுவதால் அது குழைய மறுக்கிறது. தெளிப்பு டேங்கில் நடப்பதும் இதன் உறவுக்காரச் செயல்தான். கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவை நேர்மின் அயனிகள். எதிர்மின்னேற்றம் உள்ள மூலக்கூறு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். களைக்கொல்லிகளில் அப்படிப் பிடிபடுவதில் முதல் இடம் கிளைபோசேட்டுக்கு.

அதன் வரலாறே இதைச் சொல்லிவிடுகிறது. 1970ல் மான்சாண்டோ நிறுவனத்தின் ஜான் பிரான்ஸ் இதன் களைக்கொல்லும் தன்மையைக் கண்டறிந்தார். 1974ல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1964ல், அமெரிக்காவின் ஸ்டாஃபர் கெமிக்கல் நிறுவனம் இந்த வகைச் சேர்மங்களுக்கு ஒரு காப்புரிமை பெற்றிருந்தது. களைக்காக அல்ல, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருளாக. உலோகத்தைக் கவ்வுவது கிளைபோசேட்டின் பிறவிக் குணம். களையைக் கொல்வது பிறகு தெரியவந்த குணம். கடின நீரில் ஊற்றும்போது பிறவிக் குணம் முந்திக்கொள்கிறது.

கிளைபோசேட் இலையின் மெழுகுப் படலத்தைத் தாண்டி உள்ளே போய், சாறோடு சேர்ந்து வேர் வரை இறங்கி, அமினோ அமிலங்கள் சிலவற்றை உருவாக்கும் நொதியொன்றை முடக்க வேண்டும். அதன் மூலக்கூறில் உள்ள கார்பாக்சில், பாஸ்போனேட் என்ற இரு முனைகளிலும் கால்சியம் ஒட்டிக்கொண்டால் இலைக்குள் நுழைவது குறைகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தெலன், ஜாக்சன், பென்னர் ஆகியோர் 1995ல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் இந்தப் பிணைப்பை நேரடியாகக் காட்டினர். இரும்பும் அலுமினியமும் கால்சியத்தைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சோடியம், பொட்டாசியத்தின் பிடி தளர்ந்தது. உப்புக் கரிக்கும் தண்ணீர் எல்லாம் கிளைபோசேட்டுக்கு ஆகாது என்று முடிவுகட்ட முடியாததற்கு இதுவே காரணம். நாக்குக்கு உப்பாகத் தெரிவது பெரும்பாலும் சோடியம். கிளைபோசேட்டைக் கட்டிப்போடும் கால்சியத்தை நாக்கு அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது.

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். 41 சதவீதக் கிளைபோசேட்டை லிட்டருக்கு 10 மில்லி கலந்தால் ஒரு லிட்டர் கரைசலில் 3.6 கிராம் அளவுக்குத் தூய கிளைபோசேட் அமிலம் இருக்கும்; ஏறத்தாழ 21 மில்லிமோல். தண்ணீரின் கடினத்தன்மை 500 என்றால் அதே லிட்டரில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிமோல். நான்கு கிளைபோசேட் மூலக்கூறுக்கு ஒரு கடின அயனி. சிக்கனம் பார்த்து மருந்தை 5 மில்லியாகக் குறைத்தால் இரண்டுக்கு ஒன்று. மருந்தையும் குறைத்து, கடினத்தன்மையும் 1000ஐத் தொட்டால் ஆளுக்கு ஒன்று. டேங்கில் இருக்கும்போது எல்லாமே பிணைந்துவிடுவதில்லை. ஆனால் இலைமேல் விழுந்த துளி காயக் காய எல்லாம் செறிவாகிறது, மூலக்கூறுகள் நெருங்குகின்றன, காய்ந்து மிஞ்சும் படிவில் கால்சியம் உப்பு கூடுதலாகிறது. முழு அளவு மருந்து அடித்த வயலில் பிஞ்சுக் களைகள் எப்படியும் செத்துவிடுவதால் தண்ணீரின் குறை வெளியே தெரியாமலே போவதுண்டு. முற்றிய களை, வாடிய களை, கிழங்குள்ள கோரை, குறைந்த மருந்து என்று ஏதாவதொன்று கூடும்போதுதான் அது வெளிப்படும்.

இந்தக் கணக்கிலிருந்தே மலிவான ஒரு தீர்வும் கிடைக்கிறது. ஏக்கருக்கு ஒரு லிட்டர் மருந்தை 200 லிட்டர் தண்ணீரில் அடிப்பதற்குப் பதிலாக 100 லிட்டரில் அடித்தால் மருந்து அதே அளவு, கடின அயனிகள் பாதி. தண்ணீர் நிறைய ஊற்றி இலை சொட்டச் சொட்ட நனைத்தால்தான் மருந்து பிடிக்கும் என்ற நம்பிக்கை கிளைபோசேட்டைப் பொறுத்தவரை தலைகீழ். அது செறிவான சிறு துளியில் நன்றாக உள்ளே போகும். பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் பாராகுவாட், குளூபோசினேட் போன்றவற்றுக்கு இந்தக் குறுக்குவழி ஒத்துவராது. அவற்றுக்கு இலை முழுதும் நனைந்தாக வேண்டும்.

இரண்டாவது தீர்வு உரக்கடையில் கிடைக்கும் அம்மோனியம் சல்பேட். அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நலேவாயாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் வெளியிட்ட ஆய்வுகள், தண்ணீரில் உள்ள ஒவ்வொரு அயனிக்கும் எவ்வளவு அம்மோனியம் சல்பேட் ஈடாகும் என்று கணக்கிடும் அளவுக்கு இதைத் துல்லியமாக்கின. சல்பேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. துளி காயும்போது அது ஜிப்சமாகப் படிகிறது. விடுபட்ட கிளைபோசேட்டோடு அம்மோனியம் சேர்கிறது. அந்த உப்பு இலைக்குள் எளிதில் நுழையும். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையக்கூடியது என்பதால் கால்சியத்துக்குச் சரிநிகராக இட்டால் போதாது, தாராளமாக இட வேண்டியிருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் கிளைபோசேட் 10 மில்லியோடு அம்மோனியம் சல்பேட் 20 கிராம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்றே இடம்பெற்றிருக்கிறது. பத்து லிட்டர் டேங்குக்கு 200 கிராம்.

கலக்கும் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அதில் அம்மோனியம் சல்பேட்டை முழுக்கக் கரைத்து வடிகட்டிய பிறகே மருந்து. மருந்தை முதலில் ஊற்றினால் கால்சியம் அதைப் பிடித்துவிடும். பிடித்ததை விடுவிப்பது பிடிக்காமல் தடுப்பதைவிடக் கடினம். அம்மோனியம் சல்பேட் கிடைக்கவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுவது பல ஊர்களில் வழக்கம். யூரியாவில் சல்பேட் இல்லை. கால்சியத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சோப்புக் கரைசல் இன்னும் மோசம்: கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்து நாசிலை அடைக்கும். ஒட்டும் திரவம் வேண்டுமென்றால் அதற்கென்று விற்கப்படும் அயனியற்ற ஒட்டும் திரவமே சரி. ஆனால் அது துளியை இலையில் பரப்புமே ஒழிய, தண்ணீரின் கடினத்தை எடுக்காது. இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றென்று நினைத்துக் காசைக் கொட்டுவோர் ஏராளம்.

கால்சியம் தண்ணீரில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊர்த் துத்திக்கு உறவான வெல்வெட்லீஃப் என்ற களை அமெரிக்கச் சோள வயல்களில் பெருந்தொல்லை. அதன் இலைப்பரப்பிலேயே கால்சியம் கசிந்திருப்பதால் மென்னீரில் கலந்த கிளைபோசேட்டும் இலைமேல் விழுந்த பிறகு கட்டுப்படுகிறது. அங்கும் அம்மோனியம் சல்பேட் கைகொடுக்கிறது. சாலையோரப் புழுதி படிந்த களைகள் சரியாகச் சாகாததும் இதே வகை; கால்சியத்துக்குப் பதிலாக அங்கே மண்.

கிளைபோசேட்டும் கடின நீரும் சேரும் இந்த வேதியியல் இலங்கையில் வேறொரு தளத்தில் பெரும் விவாதமானது. வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பரவிய, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட், கடின நீர், நச்சு உலோகங்கள் மூன்றும் கூட்டாகக் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளை ஜயசுமன உள்ளிட்டோர் 2014ல் வெளியிட்டனர். 2015ல் இலங்கை கிளைபோசேட்டைத் தடைசெய்தது. 2018ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. பிணைப்பு நடப்பது உண்மை. அந்தப் பிணைப்பு சிறுநீரகத்தைச் சென்று தாக்குகிறது என்பது கருதுகோள் என்ற நிலையிலேயே நிற்கிறது. முதலாவதற்குரிய சான்றை இரண்டாவதற்கும் சான்றாக நீட்டிப் பேசியதில் அந்த விவாதம் அதிகம் குழம்பியது. இந்தியாவில் 2022 அக்டோபரில், பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் மூலமாகவே கிளைபோசேட்டைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது.

கிளைபோசேட்டைப் போலவே எதிர்மின்னேற்றம் கொள்ளும் வலுகுன்றிய அமில மருந்துகள் வேறு பலவும் உண்டு. நெல்லிலும் கரும்பிலும் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டி அவற்றில் பழையது. அதன் சோடியம் உப்பும் அமைன் உப்பும் கடின நீரில் கால்சியத்தோடு சேர்ந்து சரியாகக் கரையாத உப்பாக மாறும். கடுமையான நீரில் வெண்மையாகத் திரிந்து வடிகட்டியில் தங்குவது கண்ணுக்கே தெரியும். கிளைபோசேட் விஷயத்தில் அந்தச் சலுகை இல்லை. அங்கே கரைசல் தெளிவாகவே இருக்கும், மருந்து மட்டும் வேலை செய்யாது. 2,4-டியின் எஸ்டர் வடிவத்துக்கு மின்னேற்றம் கிடையாது. கடின நீர் அதைத் தொடுவதில்லை. ஆனால் எஸ்டர் ஆவியாகிப் பக்கத்துப் பருத்தியைச் சுருட்டிவிடும். தண்ணீர்ப் பிரச்சினைக்குப் பயந்து எஸ்டருக்கு மாறுவது எண்ணெய்ச்சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. குளூபோசினேட்டும், மக்காச்சோளத்தில் அடிக்கும் மீசோட்ரையோன் போன்றவையும் கடின நீரில் ஓரளவு தளர்கின்றன. அவற்றுக்கும் அம்மோனியம் சல்பேட் உதவுகிறது.

கலங்கல் தண்ணீரின் கதை வேறு. களிமண் துகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. பாராகுவாட் இரட்டை நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு. இரண்டும் சந்தித்தால் பிரிவது அநேகமாக இல்லை. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவே பாராகுவாட் புகுந்து மாட்டிக்கொள்ளும். நிலத்தில் விழுந்த பாராகுவாட் அடுத்த பயிரைத் தொடாததற்குக் காரணமான இதே குணம், வாய்க்கால் கலங்கலில் கலந்தால் டேங்குக்குள்ளேயே மருந்தைத் தின்றுவிடுகிறது. பாராகுவாட் விழுங்கியவருக்கு மருத்துவமனையில் முல்தானி மிட்டி வகைக் களிமண்ணைக் கரைத்துக் கொடுப்பதும் இந்தப் பிடிப்பை நம்பியே. அந்த விஷத்துக்கு உறுதியான முறிமருந்து இன்றுவரை இல்லை. கிளைபோசேட்டையும் மண் விடுவதில்லை; ஆனால் அதைப் பிடிப்பது களிமண்ணோடு சேர்ந்த இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். செம்மண் கலங்கலில் அவை நிறைய.

எவ்வளவு கலங்கல் ஆகாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் விவசாயிகளுக்குச் சொல்லித்தரும் சோதனை எளிமையானது: வாளியின் அடியில் நாணயத்தைப் போட்டு நீர் நிரப்பினால் அது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்தத் தண்ணீர் இந்த இரு மருந்துகளுக்கும் உதவாது. துணியில் வடிகட்டினால் இலை தழையும் மணலும் நிற்கும். தொல்லை தரும் நுண்களிமண் துணியைத் தாண்டி ஓடிவிடும். தொட்டியில் ஓரிரு நாள் தெளியவிட்டு மேல்நீரை எடுப்பதே உருப்படியான வழி. படிகாரம் போட்டுத் தெளியவைப்பவர்கள் கையை அடக்கிப் போடுவது நல்லது. படிகாரத்தின் அலுமினியம் பெரும்பாலும் மண்ணோடு அடியில் தங்கிவிடும் என்றாலும், அளவு மீறினால் மிஞ்சும் அலுமினியம் கால்சியத்தைவிட வலுவாகக் கிளைபோசேட்டைக் கவ்வும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பற்றித்தான் கடைகளில் அதிகப் பேச்சு. அதைச் சரிசெய்யும் திரவங்களும் விற்பனைக்கு உள்ளன. கடினத்தன்மை, கலங்கல், பி.எச். என்ற மூன்று குணங்களில் இதற்கே மிகையான முக்கியத்துவம் கிடைத்திருக்கிறது. கிளைபோசேட் மருந்தே அமிலத்தன்மை உள்ளது. வழக்கமான அளவில் கலந்ததும் கரைசலின் பி.எச். தானே 5ஐ ஒட்டி இறங்கிவிடும். கடின நீர் பெரும்பாலும் காரமாகவும் இருப்பதால் குற்றம் காரத்தின்மேல் விழுகிறது. உண்மையில் வேலையைக் கெடுப்பது கால்சியம். அமிலம் ஊற்றிக் காரத்தை மட்டும் இறக்கினால் கால்சியம் எங்கும் போவதில்லை. சிட்ரிக் அமிலம் உதவுகிறதென்றால், அது காரத்தைக் குறைப்பதோடு கால்சியத்தையும் தானே பிடித்துக்கொள்வதால்.

பி.எச். உண்மையிலேயே தீர்மானிக்கும் இடங்கள் சில உண்டு. புளூமையாக்சசின் என்ற மருந்து பி.எச். 5ல் நான்கு நாள் வரை பாதியளவாவது தாங்கும். 7ல் ஏறத்தாழ ஒரு நாள். 9ல் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ. காரமான போர்த் தண்ணீரில் கலந்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் டேங்கில் மருந்தே இருக்காது. சல்போனைல் யூரியா மருந்துகளின் போக்கு எதிர்த்திசை. நெல்லில் அடிக்கும் மெட்சல்பியூரான் லிட்டருக்குப் பி.எச். 5ல் அரை கிராம்தான் கரையும். 7ல் சுமார் 2.8 கிராம், 9ல் 200 கிராமுக்கு மேல். அமில நீரில் அது கரையாமல் டேங்கின் ஓரத்திலும் குழாயிலும் படிந்து, அடுத்த வாரம் அதே ஸ்பிரேயரில் வேறு பயிருக்கு அடிக்கும்போது கரைந்து வந்து அந்தப் பயிரைக் கெடுக்கும். எல்லாத் தண்ணீரையும் எலுமிச்சைச் சாறு விட்டுப் புளிக்கவைப்பது பொதுவிதியாக முடியாது என்பதற்கு இந்த ஒரு மருந்து போதும்.

கடினத்தன்மை குறைவாக இருந்தும் பைகார்பனேட் மிகுந்த கிணறுகள் உண்டு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவைத் தாண்டிய பைகார்பனேட், 2,4-டி அமைனையும், புல்வகைக் களைகளுக்கு அடிக்கும் செதாக்சிடிம், கிளெத்தோடிம் குடும்பத்தையும் தளர்த்துகிறது. இரும்பு மிகுந்த தண்ணீரை அடையாளம் காண்பது எளிது: இறைத்தபோது தெளிவாக இருந்து, தொட்டியில் நின்றதும் செம்பழுப்பாகும். எண்ணெய்க் கரைசலாக வரும் மருந்துகள் கடின நீரில் பால்போல் கலந்து நிற்காமல் தயிர்போலப் பிரிவதும் உண்டு. இத்தகைய தயாரிப்புகளைச் சோதிக்கப் பன்னாட்டு அளவில் பயன்படும் கடின நீரின் அளவு 342 மில்லிகிராம். 600, 700 உள்ள கிணற்றில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்தச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. ஒரு பாட்டிலில் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்தால் விடை தெரியும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லாத மருந்துகளும் நிறைய. பியூட்டாக்குளோர், பிரெட்டிலாக்குளோர், பெண்டிமெத்தலின், அட்ரசின் போன்றவை மின்னேற்றமற்றவை. களை முளைக்குமுன் மண்ணில் வேலை செய்பவை. மண்ணிலேயே கால்சியமும் களிமண்ணும் கொட்டிக்கிடக்கும்போது டேங்கில் வரும் கொஞ்சத்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீரின் நிலையை அறியப் பெரிய செலவில்லை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதிக்கிறார்கள். அறிக்கை பாசனத்தை மனத்தில் வைத்து எழுதப்படுவதால் கடினத்தன்மை என்ற வரி அதில் இல்லாமல் போகலாம். கால்சியம், மக்னீசியம் இரண்டின் மில்லி ஈக்குவலன்ட் எண்களைக் கூட்டி 50ஆல் பெருக்கினால் கடினத்தன்மை கிடைத்துவிடும்: கால்சியம் 6, மக்னீசியம் 5 என்றால் 550. பைகார்பனேட் அதே தாளில் இருக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பல கிணறுகளில் உப்பு ஏறுவதால், ஐப்பசியில் எடுத்த மாதிரியைச் சித்திரைத் தெளிப்புக்கு நம்ப முடியாது. சோதனைக்கு வழியில்லாத இடத்தில் குளியல் சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பதும் ஓரளவு வழிகாட்டும்.

ஏக்கருக்கு நூறு லிட்டர் தண்ணீர்தான் தேவை என்றால் அதற்கு மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பது நடக்காத காரியமல்ல. நல்ல தண்ணீரில் கலந்த டேங்கிலேயே துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட் போன்ற நுண்ணூட்டத்தையும் ஒரே தெளிப்பில் முடித்துவிடலாம் என்று கலப்பது, கடின அயனிகளைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதற்குச் சமம். கலந்த மருந்தை மறுநாளுக்கு வைப்பதும் தவறு. தண்ணீர்தான் காரணமா என்ற ஐயம் தீராதபோது, ஒரே பாட்டில் மருந்தை ஒரே அளவில் ஒரு டேங்க் மழைநீரிலும் ஒரு டேங்க் கிணற்று நீரிலும் கலந்து, ஒரே நாளில் அடுத்தடுத்த இரண்டு பாத்திகளில் அடித்துப் பார்ப்பது எந்த ஆய்வகத்துக்கும் குறையாத சோதனை. பத்தாம் நாள் இரண்டு பாத்தியும் பழுத்து ஒன்றுபோலத் தெரியலாம். கோரை உள்ள பாத்தியில் மூன்றாவது வாரம் கிழங்கிலிருந்து எத்தனை முளை திரும்ப வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.